பேச்சிமுத்துவின் மடி

“ஸ்கூல் பையன் இல்லைங்க, எம் மகன். முப்பது வயசாகுது.”

உசிலம்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எதுவுமே கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்த பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். யார் அவனைப் பார்த்தாலும் எனக்கு வாய் முந்திக்கொள்ளும்.

அவனுக்கு ஆறாங்கிளாஸ் பையன் உயரம். மீசை முளைக்கவில்லை. ஏழு வயதில் தலைக்குள் கட்டி என்றார்கள். மொட்டையடித்து ஆபரேஷன் செய்தார்கள், பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சுதான். பிழைத்தான். கட்டி திரும்ப வரவே இல்லை. ஆனால் வளர்த்தி நின்றுபோனது. இடது காது கொஞ்சங்கொஞ்சமாக மந்தமானது. கை நடுங்கும். காலையில் சொன்னது மத்தியானம் மறந்துவிடும். கரண்டு வைத்ததில் வந்த வினை என்று வேறொரு டாக்டரம்மா சொன்னது பல வருஷம் கழித்துத்தான். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே வரவில்லை. தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான்.

செல்லூரில் எங்கள் சந்துப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு அவன்தான் அம்பயர். அவர்களுக்கு மீசை முளைக்கும், காலேஜுக்குப் போவார்கள். எதிரே வந்தால் “என்னண்ணே” என்பார்கள், நிற்க மாட்டார்கள். இவன் அடுத்த செட்டுப் பிள்ளைகளோடு நிற்பான். சில சாயங்காலம் யாருமே வரமாட்டார்கள். ஸ்டம்பை நட்டு வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பான்.

இப்போது என் மகள் முத்துமீனாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. பேத்தி சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குச் சோறுதண்ணி வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். கூடப்பிறந்த தாய்மாமன் பேச்சிமுத்து ஒருத்தன்தான்.

“கத்தி படுற நேரம் மச்சான் கை ஆடிருச்சுன்னா?” என்றார் மாப்பிள்ளை செல்வக்குமார். “உங்க அண்ணன் மகன் அழகுமலை இருக்கான்ல மாமா, அவன் உக்காரட்டும்.”

எனக்கும் பயம்தான். சரி என்று தலையாட்டினேன். முத்துமீனா விடவில்லை.

“எங்கண்ணன் இருக்கையில அடுத்தவன் மடி எதுக்கு? தூண்ல சாஞ்சு உக்காரட்டும், பிள்ள தலைய நான் பிடிச்சுக்கிறேன். இல்லாட்டி காதே குத்த வேணாம்.”

“குத்தலைன்னா எங்காத்தா என் காதத் திருகிரும்டி” என்று சிரித்தார் மாப்பிள்ளை. பேச்சு அதோடு முடிந்தது.

பாப்பா உன் மடியில்தான் என்று சொன்னால் துள்ளுவான் என்று நினைத்தோம். பேச்சிமுத்து தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். சோறும் சரியாக இறங்கவில்லை. எதை எதையோ மறப்பவன் இதை மட்டும் மறக்கவில்லை. அழகுமலை பேச்சு காதில் விழுந்து சங்கடப்படுகிறான் என்று என் வீட்டுக்காரி மலையம்மாள் அழுதாள்.

இன்று காலை கிளம்பும்போது அவனுக்கு நான்தான் பட்டு வேட்டி கட்டிவிட்டேன்.

“என்னடா, எங்க மேல கோவமா? உக்கார இஷ்டமில்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினான். தொப்பியைக் கழற்றி உச்சந்தலையைத் தடவினான்.

“எனக்கும் மொட்டதானப்பா அடிச்சாங்க, முடி முளைக்கலையே. பாப்பாவுக்கு முளைக்கும்ல? முளைக்கும்னு சொல்லுங்க, உக்காருறேன்.”