அவருக்கு இடம் விட்டு நில்லுங்க

"இதை யார் வேணாலும் எடுக்கலாமேம்மா" என்று சொல்லி, நான் கொண்டுபோயிருந்த படங்களை ஆசிரியர் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். சும்மா தள்ளி வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. கவிழ்த்து வைத்தாரே, அதுதான்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. மெட்ராஸில் போட்டோகிராபி படிப்பு, கடைசி வருடம். வகுப்பில் ஒரே பெண் நான். சொந்த ஊரிலிருந்து ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி இருபது படங்கள் கொண்டுவர வேண்டும். அதுதான் பரீட்சை. பையன்களில் பாதிப் பேர் மெட்ராஸ்காரர்கள். கூட்டமாகக் கிளம்பிக் குப்பம், மார்க்கெட் என்று போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் வாய் திறந்து கேட்கவில்லை. ரயிலேறி அரியலூர் வந்து, ரெட்டிபாளையத்தில் அப்பா வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியை நாலு பக்கமும் சுற்றி எடுத்தேன். வெள்ளைத் தூசி படிந்த வேப்பமரத்தை எடுத்தேன். பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

"ஒரு படத்துலகூட மனுஷங்களே இல்லையே. உங்க ஊர்ல ஆளே கெடையாதா?" என்று கேட்டார் ஆசிரியர். பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் வேறு இருபது படம் வராவிட்டால் கேமராவைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வீட்டுக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ஒரு தடவ கோட்ட விட்டாலும் வந்துரணும்" என்று சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பியிருந்தார். உடையார்பாளையத்தில் முந்திரித்தோப்புள்ள வீட்டில் ஒரு பையனை அத்தை தயாராக வைத்திருந்தார். அவன் நல்லவனாகக்கூட இருந்திருப்பான், பாவம். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவன் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டு காலம் முழுக்க உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

மறுபடி ரெட்டிபாளையம். ஆலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் இரண்டே அறை, இரண்டே பேர். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா கேட்டு வாங்கி இரவு ஷிப்டு பார்த்தார். மூட்டை கட்டும் பிரிவு. நான் எழுந்திருக்கும்போது அவர் வந்து படுத்திருப்பார். அவர் எழுந்திருக்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். தட்டுப் போட்டு மூடி வைத்த சோறு எங்களுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. பேச்சு போய்வரவில்லை. அதிலும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதினாலு வருடத்தில் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. கல்யாணத்தில் எடுத்தது ஒன்று இருந்ததாம், மழையில் ஊறி வீணாய்ப் போய்விட்டதாம். இதுவும் அத்தை சொல்லித்தான் தெரியும். "அதனாலதான் நீங்க போட்டோ படிக்கப் போனீங்களா?" என்று பின்னாட்களில் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. அட, போங்கப்பா! டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது. அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் வெறுமனே நடந்தேன். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் தனியாக நடந்தால் ரெட்டிபாளையம் என்ன சொல்லுமோ அதைச் சொல்லியது. அரியலூர் ரயிலடியில் ஒருத்தி, "நீ பத்திரிகைக்காரியா, கட்சிக்காரியா?" என்றாள். ரெண்டும் இல்லை என்றதும் அவளுக்கு என்மேல் இருந்த அக்கறை போய்விட்டது. எறையூர்ப் பக்கம் போய்க் கரும்பு ஏற்றிய வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று ஆசிரியர் குரல் காதில் கேட்டது. சனியன் பிடித்த குரல். திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். யாரிடமாவது வாய்விட்டுப் புலம்பவேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் தண்ணீர்க் குடத்தைத் தேய்த்தேன்.

நாலாம் நாள், ஃபிலிம் ரோல் வாங்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். அரியலூர்க் கடையில் தீர்ந்துபோயிருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு உள்ளே ஒருத்தியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "செத்த நில்லும்மா" என்று என்னிடம் கைகாட்டினார். நின்றேன்.

அந்தப் பெண் பளபளவென்று வெளிநாட்டுச் சேலை கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. நடுவில் நிற்காமல் ஓரமாக நின்றாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க. அவருக்கு எடம் விட்டு நில்லுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் என்று யாரும் அங்கே இல்லை. நான் கதவுக்குப் பின்னாலெல்லாம் பார்த்தேன்.

"அவரு எவ்ளோ ஒசரம்?"

அவள் குழந்தையைத் தாங்காத கையைத் தூக்கி, தன் பக்கத்தில் வெறும் காற்றில், தலைக்குச் சற்று மேலே நிறுத்தினாள். "இவ்ளோ இருப்பாருங்க." ஸ்டூடியோக்காரர் போய் அவள் உள்ளங்கைக்கு நேராகத் திரைச்சீலையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "கைய எறக்கிக்கங்க. சிரிங்க." கிளிக்.

அவள் போனபிறகு விவரம் கேட்டேன். புருஷன் துபாயில் இருக்கிறார். அங்கே எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். அதை இந்தக் கோட்டின் அளவுக்குப் பெரிதாக்கி, வெட்டி, இந்த இடத்தில் ஒட்டி, ஓரத்தைப் பிரஷ்ஷால் தடவி, மறுபடி படம் எடுத்துவிட்டால் குடும்பம் ஒன்றாக நின்றுவிடும். ஒரு காப்பி துபாய்க்கு, ஒரு காப்பி வீட்டுச் சுவருக்கு.

"வாரத்துக்கு எத்தினி பேரு வராங்கண்ணே?"

"பாதி ஊரே வெளிநாட்டுலதானம்மா இருக்கு" என்றார். "இந்த ஒசரம் மட்டும் கேட்டுக்கணும். ஒருக்கா கேக்காம விட்டு, புருஷன் பொண்டாட்டி இடுப்புக்கு நின்னுட்டாரு. வந்து சண்ட புடிச்சாங்க."

அந்த நொடியே எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. பசித்தது. ரோலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வழியில் எங்கேயோ, ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, என் கை மடியிலிருந்து மெல்ல எழும்பி அந்தப் பெண் செய்ததைச் செய்துபார்த்தது. அம்மா எவ்வளவு உயரம்? ஆறு வயதுப் பிள்ளைக்கு எல்லோருமே உயரம்தான். கை பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர், "எறங்கணுமா?" என்று கேட்டார். கையை இறக்கிக்கொண்டேன். அப்போதுதான், எடுக்கவேண்டியது அந்தக் கையைத்தான் என்று தெரிந்தது.

மறுநாளிலிருந்து தினமும் பெரம்பலூர் பஸ். ஸ்டூடியோக்காரர் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கு நான் ஒரு வேடிக்கை. "நான் கிளிக் பண்ணாத நேரமாப் பாத்து நீ கிளிக் பண்றே" என்று சிரிப்பார். வந்த பெண்களுக்குத்தான் புரியவில்லை. "மூஞ்ச எடுக்காம கைய எதுக்கும்மா எடுக்கறே?" என்பார்கள். சிலர் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்களை விட்டுவிட்டேன். ஒத்துக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு காப்பி தருவதாகச் சத்தியம் செய்தேன். தந்தும் விட்டேன். ஒரு முஸ்லிம் பெண் வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து வளையல் குலுங்கக் கையை உயர்த்தி, "எங்க மச்சான் நல்ல ஒசரம், மாஷா அல்லாஹ்" என்று பெருமையாகச் சொன்னாள். இன்னொருத்தி தன் தோளுக்குக் கீழேயே கையை நிறுத்திவிட்டு, "குட்டைதான். ஆனா கோவம் மட்டும் இந்தா, கோயில் தேரு ஒசரம்" என்றாள். ஸ்டூடியோவே சிரித்தது. உள்ளே வெளிச்சம் குறைவு. மெதுவான ஷட்டரில்தான் எடுக்கமுடியும், அது மூடுவதற்குள் கை அசைந்தால் படம் கலங்கும். பேசிக்கொண்டே காட்டுவதால் எல்லாக் கைகளும் கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்தன.

ஒருநாள் மாமியாரோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கல்யாணமாகி இருபது நாளில் புருஷன் மஸ்கட் போயிருந்தான். உயரம் கேட்டதும் கையைத் தூக்கினாள். கொஞ்சம் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள்.

"சட்டுனு சொல்லும்மா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவள் என் பக்கம் திரும்பி, மாமியாருக்குக் கேட்காதபடி, "நான் நிமுந்து பாக்கவே இல்லக்கா" என்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்துவந்து தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் மாமியாரின் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து எடுத்தேன். வெளிநாட்டில் யாருமே இல்லாத நான், யாரோ ஒருத்தரின் இல்லாமையைப் பொறுக்கிக்கொண்டு அலைகிறேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

பாஸ் பண்ணினேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்தால் சினிமா மாதிரி ஆகிவிடும். ஆனால் தவணை முடிய இரண்டு நாள் இருந்தபோது என்னிடம் தேறியது பத்தொன்பது படம். ரோலில் ஒரே ஒரு ஃபிரேம் பாக்கி. அதையும் எடுத்துவிட்டு ரோலை மொத்தமாகக் கழுவலாம் என்றால் பொறுமையில்லை. எடுத்தவரைக்கும் ஸ்டூடியோ இருட்டறையில் வெட்டிக் கழுவி, சின்னப் பிரிண்டுகள் போட்டு எடுத்துவந்துவிட்டேன். மிச்சத் துண்டு கேமராவுக்குள் கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அந்தப் பிரிண்டுகளைத் தரையில் பரப்பி வரிசை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்துவந்தார். எத்தனை குளித்தாலும் காதோரம் வெள்ளையாகத்தான் இருக்கும் அவருக்கு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாரும் பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்ற மாதிரி கையத் தூக்கிட்டு நிக்கிறாங்க?"

சொன்னேன். வெளிநாட்டுப் புருஷன், சாக்பீஸ் கோடு, ஒட்டுகிற வேலை எல்லாம். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். சின்னப் பெண்ணும் மாமியாரும் நிற்கிற படத்தில் ரொம்ப நேரம் நின்றார். டீ ஆறிப்போனது.

"அம்மா எவ்ளோ ஒசரம்ப்பா?" என்று கேட்டேன்.

பாதி, படத்துக்காகத்தான் கேட்டேன். மறைப்பானேன்? உள்ளே ஒரு ஃபிரேம் இருக்கிறது என்ற நினைப்போடுதான் கேட்டேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

கோபப்படுவார், இல்லாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். டம்ளரை ஜன்னலில் வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். கையைத் தூக்கித் தன் மூக்குக்கு நேராக நிறுத்தினார். ஒரே தூக்கு. ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

ஓடிப்போய்க் கேமராவை எடுத்தேன். அந்த அறையில் ஸ்டூடியோவைவிட வெளிச்சம் கம்மி. டிரங்குப் பெட்டிமேல் கேமராவை வைத்து, இருப்பதிலேயே மெதுவான ஷட்டருக்கு நெருக்கமாக ஒன்றை வைத்து அழுத்தினேன். நிச்சயம் கலங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு கழுவிப் பார்த்தபோது, இருபது படத்தில் ரேகை தெரியும் அளவுக்குத் துல்லியமாக விழுந்திருந்தது அந்த ஒரு கைதான். "இது யாரும்மா, ஆம்பளை? இவரு யாருக்கு எடம் விட்டு நிக்கிறாரு?" என்று ஆசிரியர் கேட்டார். எங்கப்பா சார் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு ஷட்டர் மூடியதும், "எடுத்தாச்சுப்பா" என்றேன்.

அப்பா கையை இறக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். கை அப்படியே நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்துபோய் அந்தக் கைக்குக் கீழே, அவர் விட்டிருந்த இடத்தில் நின்றேன். உள்ளங்கை என் உச்சந்தலையில் உட்கார்ந்தது. சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. முடிக்குள் சொரசொரவென்று இருந்தது.

"இவ்ளோதான் இருப்பா" என்றார். கையை எடுக்காமலே, "நீ அவளவிட ஒரு நூலு கூட" என்றார்.