சோறு என்று பெயர் வைத்த குழாய்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இருபது வருடத்துக்கு மேலாக அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன், எந்த மர்மத்தையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கழன்ற வயரோ எலி கடித்த கேபிளோ கிடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேதாந்தம். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் இது இருட்டில் நடக்கவில்லை, நான் தூக்கக் கலக்கத்திலும் இல்லை. பட்டப்பகல், மதியம் பன்னிரண்டு நாற்பது, வெளியே லாரி ஹாரன், கேன்டீன் பக்கமிருந்து சாம்பார் வாசனை.

எங்கள் கம்பெனி இரும்பு அச்சுகள் செய்கிற இடம். வரைபடங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும், ஆளாளுக்கு அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த சர்வருக்கு இன்னொரு வேலையும் தெரியும். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள நடுவில் ஒரு குழாய் போட்டுக் கொடுக்கும். குழாய் என்றால் கண்ணால் பார்க்கிற குழாய் இல்லை, ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் பெயரைச் சொல்லித் தட்டுவான். அந்தப் பெயரே இல்லை என்றால் சர்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். இருந்தால், மறுமுனையில் இருப்பவர் பதில் சொல்லும்வரை தட்டியவனை நிறுத்தி வைக்கும்.

இரண்டாவது ஷெட்டில் மெஷின் ஓட்டிய சேகர்தான் என்னிடம் அப்படி ஒரு குழாய் கேட்டான். அவன் மனைவி மஞ்சுளா வரைபடப் பிரிவில் இருந்தாள். இரண்டு பேரும் வெள்ளானூரிலிருந்து ஒரே பைக்கில் வருவார்கள், இரண்டு பேர் சாப்பாடும் அவள் பையில் ஒரே டிபன் அடுக்கில் இருக்கும், ஷெட்டுக்கு வெளியே உள்ள புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிரச்சனை என்னவென்றால் எங்கள் கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வரைபடத்தைப் படம் பிடித்துவிடக் கூடாதாம்.

“அண்ணாத்தே, நா வெயில்ல காஞ்சிகினு நிக்கிறேன், அது உள்ள ஏசில கோடு போட்டுகினு கீது. கூப்புட இன்னா வழி சொல்லு?” என்றான் சேகர்.

செய்து கொடுத்தேன். அவன் மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தட்டினால் இவள் திரையில் சின்னதாக ஒரு கட்டம் திறக்கும், இவள் பதில் அடித்தால் அவனுக்குப் போகும். குழாய்க்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். “சோறுன்னு வை” என்றான். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். காத்திருக்கவே வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் போட்டேன். அந்த சர்வரில் பூஜ்யம் என்றால் பதில் வரும்வரை எத்தனை நேரமானாலும் காத்திரு என்று பொருள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு அவன் ‘வரியா’ என்று அடிப்பான், அரை நிமிடத்தில் இவள் ‘வரேன்’ என்று அடிப்பாள். இரண்டே சொல்லில் ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

போன ஆடியில், மதியம் இரண்டு மணிக்கு, மெஷின் பக்கத்தில் நின்றபடியே சேகர் சரிந்தான். நாற்பத்தோரு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்து மஞ்சுளா வேலைக்கு வருவதற்கு முதல் நாள், நான் அவள் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். பார்த்தால் மனசு ஒடிந்துபோவாளே என்றுதான். சர்வரில் இருந்த பெயரை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். சேகரின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே பழசு, அதன் ஹார்ட் டிஸ்கை என் கையாலேயே கழற்றி, பெட்டியை ஸ்டோர் ரூம் அலமாரியில் போட்டாயிற்று.

மறுநாள் மதியம் சர்வர் திணறியது. அதற்கடுத்த நாளும். யாருக்கும் வரைபடம் திறக்கவில்லை. முதலாளி மாடியிலிருந்தே கத்தினார். “யோவ், தெனம் சோத்து வேளைல இன்னாய்யா சீக்கு உன் சர்வருக்கு? ரெண்டு நாள்ல சரியாவல, மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டு வேற ஆளப் பாக்குறேன்!”

யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று சர்வர் தானே ஒரு பதிவு எழுதிக்கொள்ளும். அதைத் திறந்தேன். மதியம் பன்னிரண்டு நாற்பது. குழாயின் பெயர் சோறு. பதில் வராத அழைப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் சர்வரின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. கூப்பிட்ட கம்ப்யூட்டரின் பெயர் சேகருடையது.

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். யார் வேண்டுமானாலும் இன்னொரு கம்ப்யூட்டரின் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேபிள் வந்து சேர்கிற ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு, பதிவில் இருந்தது சேகருடைய கார்டின் எண். ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கரன்ட் இல்லாமல், கேபிள் இல்லாமல், வயிற்றைத் திறந்துபோட்ட மாதிரி அந்தப் பெட்டி கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் கார்டைக் கழற்றினேன். ஸ்டோர் கீப்பர் தாஸ் எட்டிப் பார்த்து, “இன்னா சார், பழைய இரும்புக்காரனுக்கு நீயே எடைக்குப் போடப் போறியா?” என்று கிண்டலடித்தார். மறுநாள் மதியம் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சர்வர் அறையில் வந்து உட்கார்ந்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது, நாற்பத்தெட்டு வயதில் பையில் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு நாற்பது. வரி விழுந்தது. அதே எண். அந்த எண்ணுக்குச் சொந்தமான கார்டு என் நெஞ்சுக்கு மேல், துணிக்கு அந்தப் பக்கம் குளிர்ந்து கிடந்தது. நம்பினால் நம்புங்கள்.

பெயரை அழித்தால் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் யார் தட்டினாலும் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று சர்வர் சொல்லிவிடும். அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். இந்தப் பதிலை நான் சொல்லலாமா, இது என்னைக் கேட்ட கேள்வியா என்று ஒரு தயக்கம். எழுந்து மஞ்சுளாவிடம் போனேன்.

அவள் சாப்பாட்டு வேளையிலும் இடத்தில்தான் இருந்தாள். புருஷன் போனதிலிருந்து மதியம் சாப்பிடுவதில்லை, ஏதோ விரதம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னிக்கும் கூப்டாரு சார்” என்றாள், திரையைப் பார்த்தபடியே.

“என்னிக்கு?”

“போன அன்னிக்கு. காத்தால சண்ட. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துட்டாருன்னு, அதுக்குப் போயி. வரியான்னு வந்துச்சு. நா மூடிட்டேன். நிக்கட்டும்னு. சோறு எங்கிட்டதான சார் கீது. மரத்தடில ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாராம். ஒரு வாயி சாப்டல. அப்டியே போய்ட்டாரு.”

யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“அந்தக் கட்டத்தத் திரும்பப் போட்டுக் குடு சார்.”

“முதலாளி நாளைக்குள்ள...”

“நாளிக்கு ஒரு நாள். அப்பால இன்னா வேணா பண்ணிக்கோ.”

மறுநாள் இரண்டு பேருக்கான அடுக்கை எடுத்து வந்திருந்தாள். அவள் பின்னால் நான் நின்றுகொண்டேன். பன்னிரண்டு நாற்பதுக்குக் கட்டம் திறந்தது. ‘வரியா’. எழுத்துப் பிழை இல்லை, கூடுதலாக ஒரு புள்ளி இல்லை, தினமும் வந்த அதே சொல். ‘வரேன்’ என்று அடிக்க மஞ்சுளா நாலைந்து முறை அழித்து அழித்து எழுதினாள். அனுப்பினாள். பையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புங்க மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் சாப்பிட்டாள். மெதுவாக, குழம்பைப் பிசைந்து, எதிரில் யாரோ இருந்தால் சாப்பிடுவதுபோல. நான் திரையைப் பார்த்தேன். பதில் போய்ச் சேர்ந்தும் அழைப்பு மூடவில்லை. அவள் கை கழுவி, அடுக்கின் கொக்கியை மாட்டி எழுந்தாள். அப்போதுதான் மூடியது. மூடியது எங்கள் பக்கம் இல்லை, கூப்பிட்ட பக்கம் என்று பதிவில் இருக்கிறது.

அதோடு நின்றுவிட்டது, பெயரை அழிக்க எனக்கும் மனம் வரவில்லை. சர்வர் திணறவில்லை, முதலாளியும் என்னை மறந்துவிட்டார். மஞ்சுளா தினமும் மரத்தடிக்குப் போய்ச் சாப்பிட்டாள். நானும் இதை ஏதோ மின்சாரக் கோளாறு என்று எனக்கே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு நாள் மஞ்சுளா லீவு. மாலையில் வேறு எதற்கோ பதிவைத் திறந்தால், நடுவில் ஒரே ஒரு வரி. குழாயின் பெயர் சோறு. பன்னிரண்டு நாற்பதுக்குத் திறந்து, மூன்று பதினெட்டுக்குக் கூப்பிட்ட பக்கமிருந்தே மூடியிருந்தது. அவள் கம்ப்யூட்டரை யாரும் போடவே இல்லை.

மறுநாள் அவள் வந்ததும், சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “என்ன மஞ்சுளா, நேத்து சாப்பிடலையா?”

“ஒனக்கு எப்டி சார் தெரியும்? சரியான ஜொரம், எழுந்துக்கவே முடியல. பக்கத்து ஊட்டு அக்காதான் கஞ்சி வச்சி எடுத்தாந்துச்சி.”

“எத்தனை மணிக்கு?”

அவள் யோசித்தாள். “புள்ளைங்க இஸ்கூல் வுட்டு வர்றதுக்கு முன்னாடி. மூணு, மூணேகால் இருக்கும். ஏன் சார்?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை அவளுக்கு இன்றுவரை காட்டவில்லை. சேகரின் கார்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது, எப்போதாவது கை படும்.

போன மாதம் புது சர்வர் வந்தது. பழைய குப்பையை எல்லாம் கழித்துவிட்டுச் சுத்தமாக ஆரம்பி என்றார் முதலாளி. கழித்தேன். சோறு என்ற பெயரை மட்டும் மறுபடி எழுதினேன். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று புது சர்வரும் கேட்டது. பூஜ்யம் போட்டேன். இந்த முறை தெரிந்தேதான் போட்டேன்.