ரப்பர் வாங்காத வரைபடக்காரர்

நகராட்சி ஆபீஸில் வரைபடம் போடும் அவருக்குக் கம்ப்யூட்டர் என்று பட்டப்பெயர். அதுவும் அவரே தனக்கு வைத்துக்கொண்டது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு ரப்பர் வாங்கியதில்லை என்று பீற்றிக்கொள்வார். பக்கத்து மேஜைக்காரர் ஒரு கோட்டைக் கோணலாகப் போட்டுவிட்டால் போதும், சாயங்காலம் வரை அந்த மனுஷனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்.

அவர் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் வருவதாக இருந்தது. இந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கும் அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கும் சரியாக நடுவில் வரவேண்டும். கட்டம் போட்ட தாளில் ஆபீஸ் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து ஒரு வீடு கிழக்கே இரண்டு கட்டம், வடக்கே இரண்டு. இன்னொன்று கிழக்கே பத்து, வடக்கே ஆறு. நம்மாள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்: எட்டு, நாலு. பாதியாக்கினார்: நாலு, இரண்டு. ஆபீஸ் மூலையிலிருந்தே எண்ணிப் புள்ளி வைத்து, கையெழுத்தையும் போட்டுத் தொலைத்தார்.

பள்ளம் தோண்ட வந்தவர்கள் அந்தப் புள்ளியை அளந்துகொண்டு வந்து, நேராக அவர் வீட்டு வாசலில் கடப்பாரையை இறக்கினார்கள். குழாயும் வந்துவிட்டது. அவர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தெருவும் குடத்தோடு ஆபீஸுக்குப் போய்க் கத்தியது.

அன்று சாயங்காலம், ஒன்பதாவது படிக்கும் மகள் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கணும். ஆறு, நாலு. நீங்க கழிச்சுட்டீங்களே!"

"வாயை மூடு" என்றார். தாளைப் பிடுங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டார். "கணக்கு தப்பாப் போச்சா? அப்படீன்னா ஒரு வரி எழுதிக் குடுங்க, குழாயை மாத்திட்டு விட்டுடலாம். வேணும்னே செஞ்சிருந்தா வேலை போயிடும்."

இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் கதவருகே பக்கத்து மேஜைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பாவி மனுஷனுக்கு அந்த முகம்தான் கண்ணில் பட்டது.

"வேணும்னேதான் சார் வெச்சேன். என் கணக்கு தப்பாது."

இப்போது குழாய் ஆறு, நாலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் மனைவி தண்ணீரோடு திரும்பிவந்து, "வரிசையில ஒருத்தி உங்களைப் பெரிய கில்லாடின்னு சொல்றா" என்றாள்.

"பார்த்தியா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் குடத்தை நங்கென்று இறக்கினாள். "முட்டாள்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்."