சர்க்கரைப் பூவும் பல்செட்டுக்காரரும்

இடுக்கியில் பிடித்த இதழை விளக்குக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பல்செட்டுக்காரர். இதழுக்கு அந்தப் பக்கம் மனைவியின் முகம் மங்கலாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் தடிமன் கூடிவிட்டது என்று பொருள். உருட்டிப் பிசைந்து மறுபடியும் முதலிலிருந்து. இதற்காகவே அந்த அம்மாள் அடுப்பை விட்டுவிட்டு வந்து எதிரே நிற்க வேண்டும். அடுப்பில் எது தீய்ந்தாலும் அவர் பொறுப்பில்லை.

பகலில் அவருக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். ஜன்னல் கிடையாது. முப்பது வருஷமாக ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுக்கிறார். பக்கத்துப் பல்லோடு பல்லாகக் கலந்து, எது தன்னுடையது, எது செய்தது என்று போட்டுக்கொண்டவருக்கே மறந்துபோக வேண்டும். அந்தத் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம். இவர் மகா கெட்டிக்காரர். ஆகவே முப்பது வருஷமாக இவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. பாராட்டெல்லாம் முன்னறையில் டாக்டரோடு நின்றுவிடும்.

அந்தப் பசிக்குத்தான் சர்க்கரை. சர்க்கரைத்தூள், முட்டையின் வெள்ளைக்கரு, சிட்டிகை பிசின், நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. இவற்றைப் பிசைந்து அவர் செய்யும் ரோஜாவுக்கு வண்டு மட்டும்தான் வரவில்லை. இலையில் நரம்பு உண்டு. நரம்பு ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டையும் உண்டு. "அந்த ஓட்டைக்கே அரைமணி நேரம் ஆவுது, தெரியுமா?" என்பார், யாரும் கேட்காமலே.

வீடு முழுக்க முட்டை அட்டைகள். அட்டைக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு பூ காய்கிறது. மின்விசிறிக்குத் தடை. கேக் சுடும் ஓவனில் ஆரஞ்சு வில்லைகள் இரண்டு மணி நேரமாக வாடிக்கொண்டிருக்கும். ஃப்ரீஸரில் ஒவ்வொரு ஐஸ் கட்டிக்குள்ளும் ஒரு புதினா இலை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நிற்கும். தாகமென்று வந்தவருக்குத் தண்ணீர் சும்மா கிடைத்துவிடாது. டம்ளரின் விளிம்பில் எலுமிச்சை தடவி, சர்க்கரையில் கவிழ்த்தெடுத்துத்தான் வரும். மனைவியின் தம்பி ஒருமுறை அவசரத்தில் குடித்துவிட்டு, அன்று முழுவதும் மீசையில் எறும்போடு திரிந்தான். அதிலிருந்து இவர் எதை நீட்டினாலும் அவன் முதலில் கேட்பது, "அத்தான், இது திங்கவா, கும்பிடவா?"

இந்தப் பூக்கள் போய் உட்காரும் கேக்கைச் செய்வது மனைவி. அது எப்படி வந்திருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. "கீழ இருக்கறது சும்மா மேடைதானே" என்பது அவர் கொள்கை. அந்த அம்மாளும் சளைத்தவரல்ல. எங்கேயாவது ஒரு இதழ் கோணலாக இருந்தால்தான் கையால் செய்தது என்று நாலு பேருக்குத் தெரியும் என்று ஒருநாள் யோசனை சொல்லிப் பார்த்தார். கோணலாகச் செய்யத் தன் கைக்கு வராது என்று சொல்லிவிட்டு, கணவர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தார்.

மருத்துவமனைக்கு முப்பது வயது நிறைந்ததற்கு டாக்டர் வீட்டில் ஒரு ஞாயிறு பகல் விருந்து. கேக் நம்மிடமிருந்து என்று டாக்டரிடம் இவரே வலியப்போய்ச் சொன்னார். பதினோரு நாள் வேலை. மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்; மைத்துனன் ஓட்டிய காரைச் சைக்கிள்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்கள். வழியில் மனைவியிடம் சொன்னார்: "நூறு பேர் வேணாம். ஒருத்தர் கேட்டாப் போதும், இந்தப் பூவை யார் பண்ணதுன்னு."

விருந்தில் கேக்குக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கேக்கோ என்கிற முகத்தோடு நின்றார். கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது: "சும்மா, பொழுதுபோக்குக்குத்தான்."

முதல் துண்டை வாங்கிய மூக்குக்கண்ணாடி அம்மாள் தட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். பல்செட்டுக்காரர் அரையடி முன்னால் நகர்ந்தார்.

"இலையில பூச்சி அரிச்சிருக்கு" என்றார் அந்த அம்மாள், பின்னால் நின்றவர்களிடம். "பூவையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுங்க."

பத்து நிமிஷத்தில் பதினோரு நாளும் தட்டுகளின் ஓரத்தில், கசங்கிய காகிதக் கைக்குட்டைகளுக்குக் கீழே கிடந்தன. யார் செய்தது என்று கேட்கத்தான் கேட்டார்கள், கேக்கை. பஞ்சு மாதிரி இருக்கிறதாம். மனைவியைச் சுற்றி நாலு பேர் நின்று கைப்பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒருமுறை கணவரைப் பார்த்தார். பிறகு, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் திரும்பிக்கொண்டார்.

"வாயத் திறந்து சொல்லிடுங்க அத்தான்" என்றான் மைத்துனன். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

"நாமளே சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு பாராட்டா? விளம்பரம்."

அந்த நேரத்தில்தான் டாக்டரின் மனைவி மேலடுக்கில் மிஞ்சியிருந்த பெரிய ரோஜாவை எடுத்தார். இவ்வளவு நல்ல பூவை வீணாக்குவார்களா என்று ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார்.

பல்செட்டுக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்து டம்ளருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இனி அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிஜப் பூ தண்ணீரில் கரையும்? இதழ் ஓரங்கள் நெகிழ்ந்தன. சிவப்பு நூல் நூலாக இறங்கியது. கால்மணி நேரத்தில் ரோஜா போய், சிவந்த தண்ணீரும் அடியில் கொஞ்சம் கூழும் மிச்சம்.

டாக்டரின் மனைவி வந்தார். டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"கொடுமையைப் பாருங்க" என்றார் அவரிடமே. "பூவுக்குக்கூடச் சாயம் ஏத்தி விக்கிறானுங்க. அதுவும் அழுகின பூ." ஊற்றிவிட, கழுவுத்தொட்டியைப் பார்த்துத் திரும்பினார்.

பல்செட்டுக்காரர் எழுந்தார். அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். அண்ணாந்து, அடியில் தங்கிய கூழ் வரைக்கும் குடித்து முடித்துவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி ஒருமுறை சப்புக்கொட்டினார்.