பதினைந்து நாள் வாயடக்கம்

என் வாயோடு மாரடித்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது. திருந்த வேண்டும் என்று நான் நினைக்காத வருடமில்லை. பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை, கோயில் திருவிழாவில் காப்புக் கட்டும்போது ஒரு முறை என்று முடிவெடுப்பேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது யாராவது ஏதாவது சொல்வார்கள். அவ்வளவுதான், எடுத்த முடிவு காற்றில் போய்விடும். என்ன ஜென்மமோ!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, என் மூத்த மகளுக்கு நோர்வூட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை. திருவிழாவில் அவனைப் பார்த்த மகளுக்கும் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் மட்டும் கூடியது. பதினைந்து நாளில் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வந்த வினை என்னவென்றால், பையனின் அத்தை எங்கள் தோட்டத்தில், அதுவும் என்னோடுதான் கொழுந்து எடுத்தாள். நான் கத்தினால் அது நோர்வூட் வரைக்கும் போய்ச் சேரும்.

"புள்ளையோட வாழ்க்கைடி. இந்தப் பதினஞ்சு நாளைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இரு. ஒன்னைக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

கும்பிட வேண்டுமா என்ன? எனக்கே தெரியாதா? வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

தினமும் காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். தேயிலைச் செடிகளின் வரிசையைத்தான் நிரை என்போம். நல்ல நிரை கிடைத்தால் கூடை சீக்கிரம் நிறையும். சரிவிலோ, மழைத்தண்ணீர் ஓடும் கானோரத்திலோ கிடைத்தால் இடுப்பு கழன்றுவிடும். நான் கத்துவேன் என்பதற்காகவே மனுஷன் ஓரளவு நியாயமாகப் பிரிப்பார். நான் வாயை மூடியதும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இரண்டாம் நாள் கானோர நிரை எனக்கு. மூன்றாம் நாளும் எனக்கே. வெற்றிலையோடு சேர்த்துக் கோபத்தையும் மென்றேன். "இந்த அண்ணி தங்கமான மனுசி" என்று அத்தைக்காரி எல்லோரிடமும் சொன்னாளாம். அதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆறாம் நாள், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தியைச் சரிவு நிரைக்குப் போகச் சொன்னார் கங்காணி. அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் செடியைப் பார்த்தேன். முதல்நாள் மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. அவள் பாதி இறங்குவதற்குள் கால் வழுக்கி, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, அடி படவில்லை. ஆனால் அங்கிருந்து நிமிர்ந்து அவள் பார்த்தது கங்காணியை அல்ல, என்னை.

வெற்றிலையைத் துப்பினேன்.

"ஏய்யா கங்காணி, கண்ணு அவிஞ்சா போச்சு? ஒன் பொண்டாட்டிய இந்த நெலமையில இப்பிடி எறக்கி விடுவியா?"

ஆறு நாள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. கங்காணிக்கு மேலான கணக்கப்பிள்ளை அடுத்த மலையிலிருந்து ஓடிவரும் வரை நான் நிறுத்தவில்லை. பிள்ளைத்தாச்சிக்குச் சமதரையில் நிரை கிடைத்தது. நோர்வூட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

வீட்டுக்காரர் என்னோடு பேசாததைப் பொறுத்துக்கொண்டேன். மகள் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் அவள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"இனிமே சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்டி. அம்மா மாறிக்கிறேன்."

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்தா பக்கத்துக் காம்பராக்காரன் பெண்டாட்டியை ஏச வேண்டும்? "எவன்டா அவன், பொம்பளைகிட்ட சத்தம் போடுறது?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் செய்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டேன்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை.

"ஒங்களால முடியாதும்மா. விட்டுருங்க. அடுத்தாப்புல யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா, வாசல்லயே நல்லா சத்தம் போட்டுருங்க. அதுக்கப்பறமும் உள்ள வர்றவங்க வரட்டும்."