மந்திரம் மறந்தவர் வீட்டில் ஒரு செபமாலை

வழி தவறிய ஓர் ஆத்துமத்தைக் கோவிலுக்குத் திருப்பிக் கொண்டுவர அனுப்பப்பட்டு, அந்த ஆத்துமத்தின் வீட்டுப் பாயிலேயே முழந்தாளிட்டபடி தூங்கிப்போனவன் நான்.

வேதம் பரப்புவது குருக்களின் உத்தியோகம் மட்டுமல்ல, ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் அந்த வேலை உண்டு என்று எங்கள் பங்குச் சாமியார் ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவசு காலத்தில் பிரசங்கம் செய்தார். தூர தேசம் போக வேண்டாம், பக்கத்துத் தெரு போதும் என்றார். ஆண்டவர் சீடர்களை அனுப்பியதுபோல் எங்களையும் இருவர் இருவராக அனுப்பினார். எனக்கு வாய்த்தது காக்ஸ் டவுனில், இன்ஜினுக்குக் கரி அள்ளிப்போடும் ஒரு ரயில்வே பயர்மேன் வீடு. என் ஜோடிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். புகழைப் பங்கு போட வேண்டாமே.

ஈஸ்டர் கழிந்ததும் அந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பூசையில் கணவர் தன் பக்கத்தில் முழந்தாளிட்டு நற்கருணை வாங்க வேண்டும் என்று மனைவி ஏங்கினார். அதற்கு அவர் முதலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். பல வருஷமாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"டூட்டி சார். ஞாயித்துக்கிழமைன்னு இன்ஜினுக்குத் தெரியுமா?" என்றார் பயர்மேன்.

"இன்ஜினுக்கு ஞானஸ்நானம் குடுக்கல. உங்களுக்குக் குடுத்திருக்காங்க," என்றார் மனைவி.

நான் படித்த புத்தகங்களையெல்லாம் அவர்மேல் இறக்கினேன். தான் ஏறப்போகாத ரயிலின் சத்தத்தைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி சார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள போய் முட்டி போட்டா செப மந்திரம் வாயில வரணுமே? எல்லாம் மறந்துபோச்சு. இந்த வயசுல சாமியார் முன்னால திருதிருன்னு முழிக்கவா?"

புத்தகங்கள் கைவிட்டபோது எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தேன்: "செபமாலை சொல்லுவோம்" என்றேன்.

ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதி நான், பின்பாதி அம்மையார். பயர்மேன் மரியாதைக்கு முட்டி போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒருசந்தி நோன்பு இருந்த வயிற்றில் அம்மையார் கொடுத்த ராகிக் கஞ்சி வெதுவெதுவென்று இறங்கியிருந்தது. விளக்கு ஒன்று இரண்டாயிற்று. ஆண்டவர் பூங்காவனத்தில் வேதனைப்பட, சீடர்கள் தூங்கிய, செபமாலையின் அந்த முதல் தேவ இரகசியத்திலேயே நானும் சீடனானேன்.

கனவில் காக்ஸ் டவுன் முழுவதும் என் பின்னால் கோவிலுக்கு நடந்து வந்தது. ஓட்டு வீடுகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஜட்காக் குதிரைகள் தலைகுனிந்து வந்தன. ஓர் இன்ஜின் மெழுகுவர்த்தி பிடித்து, புகைவிடாமல், வெட்கத்தோடு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது, தடுமாறி, கரகரத்து, பிறகு ஆறுபோல. எனக்கு இவ்வளவு உருக்கமான குரல் உண்டென்று அதுவரை தெரியாது.

கண் விழித்தேன். குரல் நிற்கவில்லை. பயர்மேன்தான் முன்பாதி சொல்லிக்கொண்டிருந்தார். தொடங்கிய செபமாலையை நடுவில் விட அவருக்கு மனம் வரவில்லை போலும். அம்மையார் அவர் பக்கத்தில் நகர்ந்து முழந்தாளிட்டுப் பின்பாதி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய், முகம் தெளிந்து வெளியே வந்தார். கல்யாணத்தன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நற்கருணை வாங்கினார்கள். பூசை முடிந்ததும் நான் அடக்கத்தை முகத்தில் பூசிக்கொண்டு, "ஏதோ என்னால் ஆனது" என்றேன்.

அம்மையார் கைகூப்பினார்.

"நல்லவேளைங்க, சாமி உங்களை அனுப்பிச்சாரு. முழிச்சிருக்கிற ஆளு யாராவது வந்திருந்தா இவரு வாயையே திறந்திருக்க மாட்டாரு."