முடி முளைத்த தார்ப்பாய்

செயற்கைப் புல் என்பது முடி முளைத்த தார்ப்பாய், அவ்வளவுதான் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பவன் வேறு எப்படி நினைப்பான்? எங்கள் தொழிலுக்கு ஒரே சட்டம்தான். மேலே விழுகிற மழை கீழே இருக்கிற சரக்கைத் தொடக் கூடாது. ஓட்டையைக் கண்டால் ஒட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நான் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பேன்.

புதுச்சத்திரம் பக்கம் எங்கள் வீடு. முன்வாசல் முழுக்கக் களிமண். வெயிலில் வர்க்கி பிஸ்கட் போல வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் கூழாகிவிடும். போன ஐப்பசியில் கேட்டில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுக்கப் போன என் மனைவி அந்தக் கூழில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் அதன்பிறகு அவள் வாசலில் இறங்கவே இல்லை. முன்பெல்லாம் சாயங்காலமானால் போனைக் காதில் வைத்துக்கொண்டு தங்கையோடு பேசியபடி வாசலைச் சுற்றிச் சுற்றி வருவாள். சுற்றியதை நேராக நடந்திருந்தால் தங்கை இருக்கிற மேச்சேரிக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். இப்போதோ கடைசிப் படியோடு சரி. காய்காரர் கேட்டிலிருந்து கத்த, இவள் படியிலிருந்து கத்த, தெருவுக்கே தக்காளி விலை தெரிந்தது.

“சாமி எப்பங்க ஊர்வலம் கெளம்பும்?” என்று, கருவறைச் சிலை மாதிரி படியிலேயே நின்றவளிடம் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. என் மட்டமான பகடிக்கெல்லாம் இத்தனை வருஷம் சிரித்த ஒரே ஆள் அவள். அன்றைக்கே வாசலுக்கு ஏதாவது செய்வதென்று முடிவெடுத்தேன்.

டைல்ஸ் போட்டால் வழுக்கும். சிமெண்ட் போட்டால் சித்திரையில் தோசை சுடலாம். நிஜப் புல்லுக்குக் கோடையில் ஊற்றத் தண்ணீர் இல்லை. ஆகவே சேலத்திலிருந்து செயற்கைப் புல் போடுகிற ஒரு தம்பதியை வரவழைத்தேன். கணவர் பேசாமல் மண் வெட்டுவார், ஜல்லி கொட்டுவார். மனைவி தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அவர்கள் வேலை செய்வதைப் பார்க்க நான் கடைக்கு லீவு போட்டேன். களிமண்ணை வழித்தெடுத்து, ஜல்லி பரப்பி, அதன்மேல் எம்-சாண்ட் போட்டு இடித்தார்கள். அந்த அம்மா கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து ஒற்றைக் கண்ணால் வாசலை அளந்தார். எழுந்து ஒரு குடம் தண்ணீரை வீட்டோரமாகக் கவிழ்த்தார். அது கேட்டோரம் அவர்கள் பதித்திருந்த வடிகால் குழாயைப் பார்த்து நகர்ந்தபடியே மணலுக்குள் இறங்கி மறைந்தது. “வழி தெரியுது அதுக்கு,” என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார். ரசமட்டம் பையிலேயே கிடந்தது.

புல் சுருளை வெயிலில் குப்புற விரித்துப் போட்டுவிட்டு இருவரும் மெயின் ரோட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். நான் சும்மா ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே வந்தது. உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை!

என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குக் கேட்டிருக்கும். பாவம், யாரோ இவர்கள் தலையில் கழித்துப்போட்ட சரக்கைக் கட்டிவிட்டார்கள். மழை வந்தால் அத்தனை தண்ணீரும் அடியில் இறங்கும், மண் மறுபடி கூழாகும், இவள் மறுபடி விழுவாள், இந்த முறை இடுப்பு. இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் எந்த ரூம் எடுப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன். ஓடிப்போய் ஸ்கூட்டரில் இருந்த சொல்யூஷன் பசை டப்பாவையும் துண்டு ரெக்ஸினையும் எடுத்து வந்து, மண்டி போட்டு, ஒவ்வோர் ஓட்டையாக ஒட்டுப் போட ஆரம்பித்தேன்.

படியிலிருந்து என் மனைவி, “ஏனுங்க, அங்க மண்டி போட்டு என்னத்தப் பண்றீங்க?” என்றாள்.

“உன்ர இடுப்பைக் காப்பாத்திட்டு இருக்கறேன். நீ உள்ள போ.”

ஒரு மூலை முடிவதற்குள் அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். அப்படியே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அண்ணே, ஓட்டைய அடைச்சிட்டா தண்ணி எங்கண்ணே போகும்?”

“மேலயே ஓடிப் போயிருமுங்க.”

“ஓடிப் போக இது லாரியா? லாரின்னா ரோட்டுல ஊத்திட்டுப் போயிட்டே இருக்கும். உங்க ஊடு எங்க போகப் போவுது?”

நான் டப்பாவை மூடினேன். அவர் கணவர் முதல்முறையாக வாய் திறந்து, “ஒட்டு நல்லா புடிச்சிருக்குங்க,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அந்த அம்மா என்னிடமே குத்தூசி வாங்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “நீங்களே குத்துங்க.” வாழ்நாளெல்லாம் ஓட்டை அடைத்த கையால் அன்று ஓட்டை போட்டேன். கேட்டோரம் வரப்போகிற மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு என் ஒட்டுகளை அப்படியே விடச் சொன்னார். “அது இருக்கட்டும். மழை வரட்டும், நீங்களே பாருங்க.”

பிறகு இரண்டு சுருள்களைச் சேர்த்து ஒட்டினார். புல் சாய்கிற பக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி உள்ளங்கையால் தடவித் தடவித் திருப்பினார். மணலைத் தூவி விளக்குமாற்றால் வாரிவிட்டார். அவர்கள் போனபின் நான் குனிந்து விரலால் இணைப்பைத் தேடினேன். தார்ப்பாயில் கண்ணை மூடிக்கொண்டே இணைப்பைத் தொட்டுக் காட்டுகிற ஆள் நான். எனக்கு அது அகப்படவில்லை. என் கடையில் யாராவது இப்படிச் சேர்த்திருந்தால் அவர்களைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நான் டீ வாங்கப் போயிருப்பேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக் கொட்டியது. புல் மிதந்து நெடுஞ்சாலைக்கே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, மழைங்க!”

“ஆமாண்ணே, இங்கயும்தான். பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்க.” வைத்துவிட்டார்.

விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். வாசல் நனைந்திருந்ததே தவிர, எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. கேட்டோரக் குழாய் சளசளவென்று ரோட்டோரச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒட்டுப் போட்ட மூலையில் மட்டும் ஒரு குட்டிக் குளம். பக்கத்து வீட்டுக் கோழி அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி கடைசிப் படியில் நின்று அந்தக் குளத்தையே பார்த்தாள். “அதொண்ணுதான் நீங்க பண்ணுனதுங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பிறகு ஒரு காலைக் கீழே வைத்து அழுத்திப் பார்த்தாள். மற்ற காலையும் வைத்தாள். கேட் வரைக்கும் நடந்து போய், பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, குளத்தைச் சுற்றித் திரும்பி வந்தாள்.